முதற்குடம் யாருக்கு?

மேல்நாட்டுத் தோட்டக்கலை நூல் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினால், மார்ச் மாதத்திற்குரிய பக்கங்களில் ஒரே கொண்டாட்டமாக இருக்கும். உறைபனி நீங்கிவிட்டது, மண் இளகிவிட்டது, விதைப்பெட்டியைத் திறவுங்கள், மண்வெட்டியைத் தீட்டுங்கள் என்று அந்நூல்கள் உற்சாகமூட்டும். பல திங்கள் வெண்பனியின் கீழ்க் கிடந்த நிலத்துக்கு அது பொருத்தமான அறிவுரையே. ஆனால் அதனை அப்படியே பெயர்த்தெழுதும் வழக்கம் நம் ஏடுகள் சிலவற்றிலும் புகுந்துவிட்டது. அதனை நம்பிப் பங்குனியில் புதுச்செடிகளாக வாங்கி நட்டு, சித்திரை முடிவதற்குள் அவற்றைச் சருகாகக் கண்டவர்கள் நம் பங்குகளிலும் பலர் உண்டு.

தமிழ் மரபில் ஆண்டின் ஆறு பெரும்பொழுதுகளுள் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும் ஆகும். பெயரில் இளமை இருக்கிறதே தவிர, வெயிலில் இல்லை. மே மாதம் 4-ஆம் நாளளவில் தொடங்கி 28-ஆம் நாளளவில் முடியும் அக்கினி நட்சத்திரம் இந்த இளவேனிலின் நடுவிலேதான் வருகிறது. கடலூர்ப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தது முதல் மண் நாளுக்கு நாள் உலர்ந்துகொண்டே போகிறது. ஆகவே நம் நாட்டு இளவேனில், நட்டு மகிழும் காலம் அன்று. நட்டவற்றைக் காத்து நிற்கும் காலம். இருக்கின்ற நீரில் எதனைக் காப்பது, எதனை விட்டுவிடுவது என்று வீட்டார் ஒரு முடிவுக்கு வரவேண்டிய காலமும் இதுவே.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மேற்கே சில கல் தொலைவில், கெடிலம் ஆற்றங்கரையில் உள்ளது திருவந்திபுரம். தேவநாதப் பெருமாள் கோயிலாலும், முகூர்த்த நாள்களில் அங்கே நடைபெறும் எண்ணற்ற திருமணங்களாலும் பெயர்பெற்ற ஊர். கோயிலுக்கு எதிரேயுள்ள குன்றுக்கு ஔஷதகிரி, அதாவது மருந்துமலை என்று பெயர். இவ்வட்டாரத்தில் ஊர்ப்பெயர்களே மரங்களைச் சொல்லும். பாதிரி மரத்தால் திருப்பாதிரிப்புலியூர், நெல்லியால் நெல்லிக்குப்பம். தெற்கே சென்றால், தில்லை மரத்தால் தில்லை எனப்பட்ட சிதம்பரம். மரத்தின் பெயரை ஊருக்கு இட்டு வாழ்ந்த மக்கள், வீட்டுக் கொல்லையை வெறுமையாக விட்டிருப்பார்களா?

இங்குள்ள கொல்லைகளைச் சுற்றிப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை விரைவில் விளங்கும். ஆற்றோரத்தில் வண்டல், கேப்பர் மலை மேட்டில் செம்மண், கடலை நெருங்க நெருங்க மணல் என்று சில கல் தொலைவுக்குள் மூவகை நிலம். மணற்கொல்லையில் ஊற்றிய நீர் நில்லாமல் இறங்கிவிடும். அங்கே கொஞ்சங்கொஞ்சமாக அடிக்கடி ஊற்றவேண்டும். செம்மண் மேற்பரப்பில் ஓடு கட்டிக்கொள்ளும்; களைக்கொத்தால் கிளறிவிடாமல் ஊற்றினால் நீர் வழிந்து வேலிக்குப் போய்ச் சேரும். வண்டல் நீரைப் பிடித்து வைக்கும், ஆனால் காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். அடுத்த வீட்டார் எவ்வளவு ஊற்றுகிறார் என்று பார்த்து நாமும் ஊற்றுவது பயன் தராது. நம் மண்ணை ஒரு சாண் ஆழம் தோண்டி, கைப்பிடியில் அமுக்கிப் பார்ப்பதே இளவேனிலின் முதல் வேலை. உருண்டையாக நின்றால் இன்று நீர் வேண்டாம்; உதிர்ந்தால் வேண்டும்.

நீரின் வரிசை

நாம் அறிந்த இல்லம் ஒன்றில் சென்ற ஆண்டுப் பங்குனியில் நடந்த சிறு வாக்குவாதம் ஒன்றை இங்கே குறிப்பிடலாம். கிணறு அடிகண்டுவிட்டது. மாலையில் கிடைத்த முதற்குடத்தை எடுத்துக்கொண்டு போய், வேலியோரம் நின்ற முழங்காலளவுப் பலாக்கன்றுக்கு ஊற்றினார் வீட்டுப் பாட்டியார். "அத்தை, வாசலிலே ரோஜாவெல்லாம் வாடுகிறதே" என்றார் மருமகள். "ரோஜா வாடினால் அடுத்த வாரம் பத்து ரூபாய்க்கோ ஐம்பது ரூபாய்க்கோ வாங்கிக்கொள்ளலாம், அம்மா. இது வாடினால் ஏழு வருஷத்தை எந்தக் கடையிலே போய் வாங்குவாய்?" என்று அந்த அம்மையார் கேட்டார். மருமகளும் சிரித்துக்கொண்டே அடுத்த குடத்தை எடுத்தார்.

அந்தக் கேள்வி கடலூர் மாவட்டத்தார் நெஞ்சில் தைக்கும் கேள்வி. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், இவ்வட்டாரத்துப் பலா, முந்திரி, மா, தென்னை மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுச் சென்றது. பாட்டன் நட்டு, தந்தை காத்து, பேரன் காய் பறித்த மரங்கள் ஓர் இரவிலும் ஒரு காலையிலும் போயின. அதன்பின் எத்தனையோ இல்லங்களில் கன்று நட்டார்கள். விதைக்கன்றாயின் பலா காய்ப்பதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்றாயினும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். நெட்டைத் தென்னைக்கு ஆறேழு ஆண்டுகள். அப்படி நட்ட கன்றுகளுள் இன்று மரமாகி நிழல் தருபவை, முதல் இரண்டு கோடைகளைக் கடந்தவையே. கன்றைக் கொல்லுவது பெரும்பாலும் புயல் அன்று. சித்திரை மாதத்தில் ஒரு வாரம் நாம் ஊருக்குப் போய்விடுவதுதான்.

எனவே நீரை வரிசைப்படுத்துவோம். இரண்டு வயதுக்குட்பட்ட மரக்கன்றுகள் முதலில். அடுத்து, காய்த்து நிற்கும் தென்னை, வாழை, எலுமிச்சை. அதன்பின் கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை. பிறகே காய்கறிப் பாத்தி. கடைசியில் அழகுத் தொட்டிகள். காய்கறிப் பாத்தியை நான்காவதாக வைத்ததற்குச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் வெண்டையும் கீரையும் ஆடியில் மீண்டும் விதைக்கப்படக் கூடியவை. மரத்தின் காலத்தை மட்டும் மீட்க இயலாது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு குடம் 12 லிட்டர் என்று கொண்டால், அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர், பாத்திரம் அலம்பிய முதல் நீர் ஆகியவற்றைச் சேர்த்து, ஐவர் கொண்ட குடும்பத்தில் நாள்தோறும் எட்டுக் குடம் எளிதில் தேறும். 96 லிட்டர். காய்க்கும் தென்னை ஒன்றுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். எஞ்சியது நான்கைந்து கன்றுகளுக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் போதும். சாக்கடையில் விடும் நீர் இத்தனை உயிர்களைத் தாங்கும் என்பதைக் குடம் வைத்து அளந்து பார்த்தால்தான் நம்ப முடியும்.

சோப்பு நீரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். துணி துவைத்த நீரையும் சலவை இயந்திரத்து நீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். கீரைக்கும் கொத்தமல்லிக்கும் வேண்டாம். குடிநீரைச் சுத்திகரிக்கும் கருவிகள் இப்போது பல வீடுகளில் உள்ளன. அவை கழித்துவிடும் நீரில் உப்பு மிகுதி. அதனை நல்ல நீருடன் கலந்து தென்னைக்கு விடலாமே தவிர, தொட்டிச் செடிக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்மீது வெள்ளை பூத்து இலை ஓரம் கருகும். கடலை ஒட்டிய பகுதிகளில் கோடையில் கிணற்று நீரே உப்புக் கரிக்கத் தொடங்கும். தென்னையும் கொத்தவரையும் அதனை ஓரளவு தாங்கும், அவரை தாங்காது. எதுவாயினும் இலைமேல் தெளிக்காமல் வேரடியில் விடுவது நலம்.

புதைத்த பானையும் விழுந்த சருகும்

குடத்தால் ஊற்றும்போது பாதி நீர் வெயிலுக்குப் போகிறது. இதற்கு நம் முன்னோர் கண்ட வழி, கன்றின் பக்கத்தில் பானையைப் புதைப்பது. மெருகிடாத, வண்ணம் பூசாத சாதாரண மண்பானை போதும். கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழி எடுத்து, கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், மண் காயக் காயப் பானையின் உடம்பு வழியே நீர் கசியும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு தானே குறைந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன வேளாண் நூல் ஒன்றிலும் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது என்றால் இதன் தொன்மை விளங்கும். ஐந்தாறு லிட்டர் கொள்ளும் பானையை வாரம் இருமுறை நிரப்பினாலே இளங்கன்று கோடையைக் கடந்துவிடும். உறவினர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் பயம் இல்லை. வாயை ஓட்டால் அல்லது மூடியால் மூடிவைக்க மறக்கலாகாது. திறந்த பானை, டெங்குக் காய்ச்சல் பரப்பும் கொசுவுக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடாகிவிடும்.

மாசி, பங்குனியில் பூவரசு, நாட்டுவாதுமை, பலா, மா யாவும் இலை உதிர்க்கின்றன. அவற்றைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது பல வீடுகளில் மாலை வேளை வழக்கம். இதைவிடப் பெரிய வீண்செலவு கொல்லையில் இல்லை என்றே சொல்வோம். மரமே தனக்கு வேண்டிய போர்வையைத் தைத்துக் கீழே போடுகிறது. நாம் அதனை எரித்துவிட்டு, எருவுக்குப் பணம் கொடுக்கிறோம். சருகை நான்கு விரற்கடை கனத்துக்கு மரத்தைச் சுற்றிப் பரப்புங்கள். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்பினால் கறையான் ஏறாது. முதலில் நீர் விட்டு, பிறகு மூடாக்கு இடவேண்டும். காய்ந்த மண்மீது இட்ட மூடாக்கு, காய்ச்சலையே காத்துவைக்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வீட்டுச் சுவரை ஒட்டியும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் சருகு வேண்டாம். தேளும் பாம்பும் நம்மைப் போலவே வெயிலுக்கு நிழல் தேடுகின்றன.

தென்னைக்கு இன்னொரு வசதி உண்டு. உரித்த தேங்காய் மட்டைகளை, அடிமரத்திலிருந்து ஐந்தாறு அடி தள்ளி எடுத்த வட்டக் குழியில் அடுக்கி மண் மூடினால், அவை பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல விடும். பல ஆண்டுகளுக்கு அப்பயன் நிற்கும்.

குருத்தைப் பற்றி ஒரு சொல்

தென்னையைப் பேசும்போது, தவக்காலத்தின் இறுதியில் வரும் குருத்தோலை ஞாயிற்றைப் பேசாமல் விட முடியாது. ஓலைக்காகக் குருத்து வெட்டுவது நம் பங்குகள் எங்கும் உள்ள வழக்கம். தென்னைக்குக் கிளை இல்லை. வளரும் முனை ஒன்றே ஒன்று. அது குருத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. நலமான மரம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டைகள் அளவில் விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. இளம்மரம் கைக்கு எட்டுகிறதே என்று அதன் குருத்தை ஆழமாக வெட்டினால் மரமே போய்விடக்கூடும். போகாவிட்டாலும், வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதன் புழு குடைந்த மரத்தைப் பெரும்பாலும் தலை சாய்ந்த பிறகே நாம் அறிகிறோம். காய்ப்பு ஓய்ந்து வெட்டப்படவிருக்கும் மரத்திலிருந்தோ, பனையிலிருந்தோ ஓலை எடுப்பது மேல். தென்னையிலேயே எடுக்கவேண்டுமாயின், தேர்ந்த மரமேறுபவரைக் கொண்டு, வளர்ந்த மரத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் மேற்புறமாக எடுக்கவேண்டும். பங்கின் இளைஞர்கள் அரிவாளுடன் புறப்படுமுன் இதனைப் பெரியவர்கள் சொல்லிவிடலாம்.

இக்காலத்தில் எருக்குழியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். விரல் பருமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள், தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். கோழி இருந்தால் கோழிக்கு விருந்து. மரத்தின் உச்சியில் குருத்தை அடுத்த மூன்று மட்டைக் கக்கங்களில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரு பங்குமாகக் கலந்து இடுவது வண்டைத் தடுக்கும்.

ஓலையின் அடிப்புறம் வெள்ளை வெள்ளையாகச் சுருள் வட்டங்களும், கீழ் ஓலைகளில் கரிபூசியது போன்ற படலமும் தெரிந்தால், அது 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் அறியப்பட்டுத் தமிழகம் எங்கும் பரவிய சுருள் வெள்ளை ஈ. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆயினும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அதனைத் தின்றொழிக்கும் சிறு குளவிகள் நம் கொல்லைக்கே வந்து சேர்கின்றன. பூச்சிக்கொல்லி தெளித்தால் முதலில் மாள்பவை அவையே. எட்டும் ஓலைகளில் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும், மஞ்சள் நிறத் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் கட்டுவதும் போதுமானவை.

இதே பாடத்தைப் பப்பாளியிலும் கண்டோம். 2008-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, ஓரிரு ஆண்டுகளில் பப்பாளி, செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளைப் பஞ்சாக மூடியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட, கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய ஒட்டுண்ணிக் குளவியே அதனை அடக்கியது. அதன் பின்னர் செம்பருத்தி மீண்டும் வேலியோரங்களில் பூத்தது. மருந்தடிக்கும் கை சற்றுத் தயங்குவதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

காய்த்து நிற்பவை

பண்ருட்டிப் பக்கத்தார்க்குப் பலாவைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. நகர்ப்புறத்தில் ஒற்றை மரம் வைத்திருப்போர் பலர், சிறு பிஞ்சுகள் கறுத்து உதிர்வதைக் கண்டு மரத்துக்கு நோய் என்று அஞ்சுகின்றனர். உதிர்பவற்றில் பெரும்பாலானவை ஆண்பூங்கொத்துகள். மகரந்தம் கொட்டியபின் அவற்றின் வேலை முடிந்தது, உதிர்வது இயற்கை. காம்பு தடித்து, அடியில் வளையம் போன்ற தடிப்பு உள்ளதே காயாகும். இளமரத்தில் காய்கள் நெருங்கித் தொங்கினால் சிலவற்றைப் பலாமூசாகவே பறித்துச் சமைத்துவிடுவது எஞ்சியவற்றைப் பெருக்க வைக்கும்.

திருவந்திபுரத்துக்கு மேற்கே பாலூரில், 1905-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பலாவிலும் கத்தரியிலும் புடலையிலும் "பாலூர் 1" என்று வழங்கும் இரகங்கள் அந்நிலையத்தின் பெயரையே தாங்கியவை. பாலூர் 1 பலா, பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்து நாட்டுப் பலாவிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. முதற்பருவம் தவிர ஆண்டின் இறுதியிலும் ஓரளவு காய்ப்பது அதன் சிறப்பு. புயலுக்குப்பின் புதுக்கன்று வைக்க விரும்புவோர், வண்டியில் கொண்டுவந்து விற்பவரிடம் பெயர் தெரியாத கன்றை வாங்குவதைக் காட்டிலும், ஒரு நாள் பயணம் செய்து இத்தகைய இடத்தில் கேட்டு வாங்குவது தகும். வாங்குவது ஆடிக்குப் பிறகு. குழியை வெட்டி வெயில் காயப் போடுவது இப்போது.

மாவில் கவனிக்க வேண்டியது பழ ஈ ஒன்றே. உதிர்ந்த பழங்களை அப்படியே விட்டால் உள்ளிருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூடுகட்டி, அடுத்த படையாக எழும். நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். விடுமுறையில் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. முந்திரிக் கொட்டை பொறுக்குவதும் அவ்வாறே. ஆனால் அதனைப் பிள்ளைகள் அடுப்பில் சுட்டுப் பார்க்க விடலாகாது. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தெறித்தால் தோலைப் புண்ணாக்கிவிடும். இந்த முந்திரி, பிரேசில் நாட்டிலிருந்து பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, மரவள்ளி யாவும் அமெரிக்கக் கண்டத்துச் சொத்துகளே. நம் கொல்லையில் பாதி, கப்பலேறி வந்து நம்மவராகிவிட்டது.

காய்கறிப் பாத்தியில் புதிதாக விதைக்க ஆசைப்படுவோர், நீர் உறுதியாக உண்டு என்றால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, சிறுகீரை ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெண்டை விதையை இரவு முழுதும் ஊறவைத்து, ஒன்றரை அடிக்கு ஓரடி இடைவெளியில் குழிக்கு இரண்டாக ஊன்றினால், ஏழு வாரத்தில் காய் பறிக்கலாம். இலை நரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டதும் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈயால் பரவும் அந்நோய்க்கு மருந்து கிடையாது, வெயில் காலத்தில் பாத்தி முழுதும் பரவிவிடும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் நீர் தெளித்தால் விதை ஓரிடத்தில் குவியாது. மேலே தென்னங்கீற்று ஒன்றைப் பந்தலாக வைத்தால் மூன்று வாரத்தில் அரிந்து குழம்பு வைக்கலாம்.

புரட்டாசியில் நட்டு, காய்த்து ஓய்ந்த கத்தரிச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மேற்பகுதியை வெட்டி, வேரடியில் மண்ணைக் கிளறித் தொழுவுரம் இட்டு நீர் விட்டால், புதிதாகத் துளிர்த்து மீண்டும் காய்க்கும். மறுதாம்பு என்பர். நாற்று விட்டு வளர்ப்பதில் பாதி நீர்கூட இதற்குச் செலவாகாது. வாடிய நுனித்தளிர் தெரிந்தால் கிள்ளி நசுக்கிவிடுங்கள். உள்ளே துளைப்பான் புழு இருக்கும். அசுவினி முதலிய சிறு பூச்சிகளுக்கு, வேப்பங்கொட்டையை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் ஓர் இரவு ஊறவைத்து வடித்துத் தெளிக்கலாம். மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் கசப்பு வீரியம் இழக்கிறது. இந்த ஆண்டுக் கொட்டை ஆனி, ஆடியில்தான் விழும். இப்போது மரத்தில் பூ. உதிரும் பூவை விரித்த துணியில் பிடித்து உலர்த்தினால் ரசத்துக்கு ஆண்டு முழுதும் ஆகும்.

கறிவேப்பிலையை இம்மாதங்களில் ஒடித்து விட்டுப் புளித்த மோரை நீர் கலந்து ஊற்றுவது நம் வீடுகளின் வழக்கம். முருங்கையில் காய்ப்பு முடிந்த கிளைகளை வெட்டிவிடலாம். செடிமுருங்கையாயின் தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டினால் மறுபடி தழைத்துக் காய்க்கும். மல்லிகையைக் கவாத்துச் செய்யும் காலம் கார்த்திகை; இப்போது அரிவாளை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம். இப்போது அது பூத்துத் தள்ளும். விடியுமுன் அரும்பாகப் பறித்தால் மே மாத மாதா பீடத்துக்கு மாலை வரை வாடாத மாலை கிடைக்கும்.

சித்திரையிலோ வைகாசியிலோ ஒரு மாலை மேற்கே கறுத்து, காற்றும் இடியுமாகக் கோடைமழை ஒன்று பெய்யும். நனைந்த மண்ணைக் கண்டு விதைப்பெட்டியைத் திறந்துவிடத் தோன்றும். அந்த ஈரம் ஒரு வாரத்துக்கு மேல் நில்லாது. அந்த ஈரத்தில் செய்யத்தக்கது நிலத்தைக் கொத்திப் புரட்டிப் போடுவது. களைவிதை முளைத்துக் காயும், கூட்டுப்புழுக்கள் வெயிலில் சாகும். மரங்களைச் சுற்றிக் கரை உயர்த்துவது. ஆற்றோரத்தார்க்கு இன்னொன்றும் உண்டு. 2015 நவம்பரிலும், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரியருகே கரைகடந்த பெஞ்சல் புயலை அடுத்தும் வெள்ளம் கண்ட கொல்லைகளில், அடைந்து கிடக்கும் வடிகால்களை மண் உலர்ந்திருக்கும் இப்போதே தோண்டிவிடலாம். ஐப்பசியில் மண்வெட்டி பிடிக்க முடியாது.

விதைகளை ஆடிக்கு வைத்திருப்போம். நன்கு முற்றிப் பழுத்த கத்தரி, வெடிக்கும் முன் எடுத்த வெண்டை, கொடியிலேயே காய்ந்த பீர்க்கு, புடலை. இவற்றிலிருந்து எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, காய்ந்த வேப்பிலை இரண்டு போட்டுக் கட்டி வையுங்கள். முன்பெல்லாம் சுரைக்குடுவையில் இட்டு அடுப்பங்கரைக் கூரையில் தொங்கவிடுவர். புகைக்குப் பூச்சி அண்டாது. இன்று கண்ணாடிப் புட்டி போதும். எந்தச் செடியின் விதை, எந்த மாதம் எடுத்தது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளேயே போட்டுவிட்டால், ஆடியில் எது பீர்க்கு, எது சுரை என்று மாமியாரும் மருமகளும் வழக்காட வேண்டியிராது.